கடற்கரை வீட்டுக் கொல்லையில் மரத்தாலான குளிர்நீர்த் தொட்டி: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி இதுதான்: கீழக்கரையில் கடலிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் சொந்த வீடு. கொல்லையில் ‘கோல்ட் பிளஞ்ச்’ எடுக்க, அதாவது ஜில்லென்ற தண்ணீரில் சில நிமிடம் கழுத்தளவு உட்கார, ஒரு ஆள் உட்காருகிற மரப் பீப்பாய்த் தொட்டி வைக்க வேண்டும். செடார் வாங்குவதா, தேக்கா? ரெடிமேடா, ஆசாரியை வைத்துச் செய்வதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே ஃபைபர் தொட்டி, அதன் முதுகோடு (வெளிமுகம் முழுக்க) ஒட்டிய ஃபோம், அதற்கு வெளியே காற்றோட இடம் விட்டு அடித்த தேக்குச் சட்டம். இதுதான் ராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்றது. முழுக்க மரத்தாலேயே ஆன பீப்பாய் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்க ஊரில் இருந்து, அநேகமாகத் தினமும் அதில் இறங்குகிறவருக்குத்தான் அது சரிப்படும்.

மரத்துக்கு வருவதற்கு முன் குளிர்ச்சிக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இந்தத் தொட்டிகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் குழாயைத் திறந்தாலே ஜில்லென்று தண்ணீர் வருகிற நாடுகளுக்காக எழுதப்பட்டவை. நம் பக்கம் போர்த் தண்ணீரே 29, 30 டிகிரி. மொட்டைமாடிச் சின்டெக்ஸில் கிடந்த தண்ணீர் சித்திரை மதியத்தில் 40-ஐ ஒட்டிப் போகும். மண்பானை உபாயமும் இங்கே எடுபடாது. ஆவியாகிக் குளிர்வது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. கடலோரத்தில் எவ்வளவு முயன்றாலும் 25, 26 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆக, சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) அல்லது ஐஸ், இரண்டில் ஒன்று கட்டாயம்.

உள் விட்டம் 80 செ.மீ., தண்ணீர் உயரம் 80 செ.மீ. என்றால் 400 லிட்டர். ஆள் கழுத்தளவு உட்கார்ந்தால் மட்டம் சுமார் 13 செ.மீ. ஏறும். அதனால் தொட்டியின் உள் உயரம் 105 செ.மீ. வைத்தால் வழியாது. ஒரு ஆளுக்கு இந்த அளவு போதும். ‘கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்’ என்று விட்டத்தை 100 செ.மீ. ஆக்கினால் தண்ணீர் 630 லிட்டருக்குப் போய்விடும். சில்லர், கரண்ட், மருந்து எல்லாம் கூடவே ஏறும்.

அந்த 400 லிட்டரை 30-லிருந்து 15 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 7 யூனிட் (கிலோவாட்-மணி) அளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஐஸில் செய்தால் 63 கிலோ; மீன் கம்பெனிகளுக்குப் போகிற 50 கிலோ பாரில் ஒன்றேகால் பார். அதுவும் ஒரு தடவைக்கு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனிக்குக் குறைவில்லை என்பதால் ‘பாரை உடைத்துப் போட்டுக்கொண்டால் ஆச்சு’ என்று யாராவது சொல்வார்கள். மீனுக்கு என்று செய்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்த லாரித் தரையில் இழுபட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அதில் மூக்கு வாய் முங்க உட்காருவது நல்ல யோசனை இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் இறங்குவீர்கள் என்றால், வீட்டு ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் பாட்டில்களில் நல்ல தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு தொட்டியில் போட்டு எடுக்கலாம். கிட்டத்தட்ட முப்பது பாட்டில் வேண்டும். அதற்கு மேல் என்றால் சில்லர்தான்.

சில்லரில் அரை எச்.பி., ஒரு எச்.பி. என்று இருக்கும். நம் ஊர் வெயிலில் அரை எச்.பி. மெஷின் நிஜத்தில் வெளியே எடுக்கும் வெப்பம் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். அதாவது முதல் குளிர்ச்சிக்கு எட்டு ஒன்பது மணி நேரம். ஒரு எச்.பி. என்றால் நான்கு மணி நேரம். பெட்டியில் ‘3 டிகிரி வரை’ என்று அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது இதமான அறையில், ஏற்கெனவே குளிர்ந்திருந்த தண்ணீரில் எடுத்த எண்ணாக இருக்கலாம். விற்கிறவரிடம் ஒரே கேள்வி: வெளிக்காற்று 38 டிகிரி, தண்ணீர் 15 டிகிரி இருக்கும்போது இது எத்தனை வாட் குளிர்ச்சி தரும்? எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம். இன்னொன்று, 5 டிகிரி தேவையே இல்லை. 30 டிகிரித் தண்ணீரில் குளித்துப் பழகிய உடம்புக்கு 18 டிகிரியே மூச்சை இழுத்துப் பிடிக்கும். 15-ஐ இலக்காக வைத்தால் மெஷினும் பிழைக்கும்.

இனி மரம். இங்கே எல்லோரும் கோட்டை விடுகிற இடம் தொட்டிக்குள் இருக்கிற தண்ணீர் இல்லை, தொட்டிக்கு வெளியே கட்டுகிற தண்ணீர். குளிர்ந்த நாட்டில் மரப் பீப்பாயின் வெளிமுகம் எப்போதும் காய்ந்தே இருக்கும். கடலோர இரவில் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 85, 90 சதவீதம் இருந்தால், 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிற எந்தப் பொருளின் மேலும் நீர் கோத்துவிடும். உள்ளே 15 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கிற 40 மி.மீ. தேக்குப் பலகையின் வெளிமுகம் அந்த நேரத்தில் 23, 24 டிகிரி. விடிகாலையில் தொட்டுப் பார்த்தால் பலகை வேர்த்திருக்கும். ஒரு இஞ்சுப் பலகையில் இன்னும் மோசம். இரும்புப் பட்டை, வால்வு, பைப் எல்லாம் சொட்டச் சொட்ட நிற்கும். அந்த நீர் பலகை வழியே இறங்கி அடிப்பலகையின் வெட்டு முனையில் போய் நிற்கிறது. மரம் நுனி வழியாகத்தான் அதிகம் உறிஞ்சும் என்பது ஆசாரிகளுக்குத் தெரிந்த விஷயம். பகலில் வெயில், இரவில் வேர்வை என்று மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற மரம்தான் சீக்கிரம் உளுக்கும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மரம் அப்படி உளுக்காது.

ரெடிமேடாக வருகிற ‘வெளியே மரம், உள்ளே பிளாஸ்டிக்’ வகையிலும் இதே வில்லங்கம் உண்டு, கண்ணுக்குத் தெரியாமல். பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் நடுவே ஃபோம் இல்லாமல் வெறும் இடைவெளி விட்டிருப்பார்கள். ஈரக்காற்று அதற்குள் புகுந்து, 15 டிகிரியில் இருக்கிற பிளாஸ்டிக்கின் முதுகில் வேர்த்து, உள்பக்கமாகவே வழிந்து அடியில் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் பளபளவென்று இருக்கும். சட்டத்தின் அடியில் விரல் விட்டுப் பார்த்தால் மாவாக உதிரும். வாங்கப் போகும்போது ஒரு சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குளிர்ந்த தொட்டியின் முதுகில் ஃபோம் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்; ஃபோமுக்கும் மரத்துக்கும் இடையில்தான் காற்றோட்டம் வேண்டும். இந்த வரிசை மாறினால் அந்தத் தொட்டி நமக்கு வேண்டாம்.

முழு மரப் பீப்பாயின் இன்னொரு சிக்கல், அது காய்ந்தால் பிளக்கும். கணக்காகவே பார்க்கலாம். 80 செ.மீ. உள் விட்டத்துக்கு வெளிமுகத்தில் சுமார் 10 செ.மீ. அகலமுள்ள பலகைகள் 28 தேவை. ஒவ்வொன்றின் இரு ஓரத்தையும் 6.4 டிகிரி சாய்த்து இழைத்து, பசை இல்லாமல் பட்டை போட்டு இறுக்குவார்கள். தண்ணீர் ஊறி மரம் உப்பும்போது இணைப்பு தானாக அடைபடும். பீப்பாயின் சூட்சுமமே அதுதான். அந்தத் தேக்கு நன்றாக ஊறிய நிலையிலிருந்து பங்குனி வெயிலில் காய்ந்தால் ஒரு பலகைக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே சுருங்கும். 28 பலகைக்குச் சுற்றளவில் 3 செ.மீ. போய்விடும். வளையங்கள் தளர்ந்து கீழே விழுந்து கிடக்கும். இது நல்ல முறையில் அறுத்த பலகைக்குச் சொன்னது. பலகையின் முனையைப் பாருங்கள். வருட வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் சுருக்கம் குறைவு. கோடுகள் படுத்து, பிறை மாதிரி வளைந்திருந்தால் சுருக்கம் இரண்டு மடங்குக்கு மேல், பலகையும் கிண்ணம் போல வளையும்.

கீழக்கரையில் பல வீடுகளின் சொந்தக்காரர்கள் துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கொல்லையில் காலியாக நிற்கிற பீப்பாய் என்ன கதி ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிரப்பி வைத்துவிட்டுப் போகலாமே என்றால், ஓடாத தண்ணீர் கொசுவுக்கும் பாசிக்கும் போய்ச் சேரும்.

அப்படியும் முழு மரம்தான் வேண்டும் என்றால், 40 மி.மீ. தேக்கில் மொத்தம் 7, 8 கன அடி வாங்க வேண்டும். இழைப்பு, கழிவு போக 5 கன அடிதான் தொட்டியில் நிற்கும். வெள்ளை துளியும் இருக்கக் கூடாது. வெளிறிய அந்த ஓரப்பகுதிதான் முதலில் போகும். பலகைகளின் ஈரம் மீட்டரில் 10, 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அடிப்பலகை உட்காரும் காடி (வெட்டுப்பள்ளம்), பலகைகளின் கீழ்நுனியிலிருந்து 6 செ.மீ. மேலே, 10 மி.மீ. ஆழம். நிழலில் வைத்து, வெளியே ஈரச்சாக்கு சுற்றி ஒரு நாள் விட்டு, முதலில் ஒரு அடி தண்ணீர், மறுநாள் இன்னொரு அடி என்று மூன்று நான்கு நாளில் நிரப்புங்கள். முதல் இரண்டு நாள் ஒழுகத்தான் செய்யும். பதறி சிலிக்கான் பூசாதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் மரம் உப்பி அடையாது, அந்த ஒழுக்கு நிரந்தரமாகிவிடும். வல்லம் என்கிற மரப்படகுக்குச் செய்கிற மாதிரி பஞ்சுத்திரியும் குங்கிலியமும் அடிக்கலாம் என்று படகு ஆசாரி சொல்லக்கூடும். வல்லத்தின் பலகை ஆணியில் நிற்கிறது. இது வளையத்தில் நிற்கிறது. திரி உள்ளே இருந்தால் மரம் உப்பும்போது வளையம் தெறிக்கும். முதல் வாரம் தண்ணீர் கடுந்தேயிலை நிறத்தில் இருக்கும். இரண்டு மூன்று தடவை மாற்றினால் தெளியும்.

செடார் பற்றிக் கேட்டீர்கள். எடை குறைவு, குளிரைத் தேக்கை விட நன்றாகத் தடுக்கும், அழுகலையும் தாங்கும். நல்ல மரம். ஆனால் மிருது. நகம் பட்டாலே பதியும். இறக்குமதி விலையும் கப்பல் கூலியும் சேர்த்தால், அதே காசில் தேக்கு வாங்கி மீதிக்குப் பெரிய சில்லரே வாங்கலாம். ஒரு பலகை போனால் இங்கே மாற்றுப் பலகை கிடைக்காது என்பது அதை விடப் பெரிய குறை. வேம்பு வேண்டாம், முறுக்கும், வெடிக்கும். இலுப்பையும் பூவரசும் தண்ணீரைத் தாங்குகிற மரங்கள்தாம், ஆனால் நேரான நீளப் பலகையாகக் கிடைப்பது கஷ்டம். அயினி கிடைத்தால் விடாதீர்கள். படகுக்கே போடுகிற மரம், தேக்கை விட மலிவு.

நான் சொல்கிற ஃபைபர் தொட்டி முறையில் மரச்செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெளியே 20 மி.மீ. கனம், 70 மி.மீ. அகலச் சட்டங்கள், நடுவில் 6 மி.மீ. இடைவெளி விட்டு அடித்தால் 3 கன அடி போதும். மரம் இங்கே தண்ணீரைத் தாங்கவில்லை, வெயிலை மட்டும் தாங்குகிறது. சுருங்கினால் சுருங்கட்டும். ஒரு சட்டம் கெட்டால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிவிடலாம். வைரம் பாய்ந்த பழைய பனஞ்சட்டம்கூட இந்த வேலைக்கு அருமையாக நிற்கும், கறுப்பு வரி பார்க்கவும் நன்றாக இருக்கும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால், பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடங்களில் தேடுங்கள்.

ஃபைபர் வேலைக்கு நம் கடற்கரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. படகு கட்டுகிறவர்களும் ஒட்டுப் போடுகிறவர்களும் பெரும்பாலான மீன்பிடி ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது: ரெசின் ஐசோ வகை, சாதாரணம் வேண்டாம். உள்முகத்தில் வெள்ளை ஜெல்கோட். 450 கிராம் கண்ணாடி நார்ப் பாய் நான்கு அடுக்கு, கனம் 4 மி.மீ. வரும். மேலே சொன்ன அளவுக்குப் பாய் 6 கிலோ, ரெசின் 15 கிலோ ஆகும். வாய் விட்டத்தை அடியை விட 2, 3 செ.மீ. கூட்டினால்தான் அச்சிலிருந்து கழலும். மழை நாளில் வேலை வேண்டாம், ஈரத்தில் ரெசின் மேல்முகம் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

அதன் முதுகில் 50 மி.மீ. ஃபோம். இங்கே ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். கடையில் நீலம், பிங்க் நிறத்தில் கிடைக்கிற கெட்டி அட்டைகளும் அதே ரகம்தான். ரெசின் படுகிற இடத்தில் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் மட்டும் போடுங்கள். படகின் மிதவை அறைக்கு ஊற்றுகிற அதே ஃபோம். இந்த ஃபோம் இருந்தால் தொட்டிக்குள் புகுகிற வெப்பம் 40 வாட் அளவில் நிற்கும். வெறும் 40 மி.மீ. தேக்கு என்றால் 180 வாட். கரண்ட் பில்லில் தினம் ஒரு யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். தொட்டி முடிந்ததும் ரெசின் வாடை போகும் வரை இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, மூன்று தடவை நிரப்பிக் கொட்டிய பிறகு இறங்குங்கள்.

மரத்துக்கு வெளியே தேக்கு எண்ணெயோ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ வருடம் இரண்டு தடவை தேய்த்தால் போதும். வார்னிஷ் வெயிலில் ஒரு வருடத்துக்குள் செதில் செதிலாகக் கிளம்பும், பிறகு சுரண்டி எடுப்பது தனி வேலை. படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெய் மரத்துக்கு நல்லதுதான். வாசனையோடு நீங்கள்தான் குடித்தனம் செய்ய வேண்டும். முந்திரித்தோட்டு எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. தோல் வெந்துபோகும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

உலோகத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பாம்பன் புதுப் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டும் போட வேண்டி வந்த காற்று இது. ஸ்க்ரூ, வளையம், கீல் எல்லாம் 316 தர எவர்சில்வர். 304-இல் சில மாதத்திலேயே பழுப்புப் புள்ளி விழும். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டுமே அநேகமாக ஒட்டாது. மாலிப்டினம் சோதிக்கிற சொட்டுமருந்து ஒன்று ஸ்டீல் கடைகளில் இருக்கும், அதில்தான் தெரியும். சாதாரண இரும்பு ஆணி தேக்கில் பட்டால் சுற்றிலும் கறுப்பு இறங்கும். வடிகால் வால்வு பித்தளையில் வேண்டாம், ஒரு இஞ்சு யூபிவிசி பால் வால்வு போதும்.

சில்லரின் உள்ளே தண்ணீர் ஓடுகிற சுருள் டைட்டானியமா என்று கேளுங்கள். செம்போ 304-ஓ என்றால் நம் ஊர் உப்புத் தண்ணீரும் குளோரினும் சேர்ந்து ஓட்டை போட்டுவிடும், அப்போது கேஸும் போய் மெஷினே போனமாதிரிதான். வெளியே வெப்பம் தள்ளுகிற அலுமினிய விசிறித் தகடுகளும் உப்பில் பொடியாகும். மேல்பூச்சு உள்ள தகடாகப் பார்த்து வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கரண்டை அணைத்துவிட்டு நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தொட்டிக்கும் சில்லருக்கும் நடுவே ஓடுகிற பைப் முழுக்க கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை போட வேண்டும். விட்டால் அது இரவெல்லாம் சொட்டும்.

எந்தத் தண்ணீரை நிரப்புவது என்பது இந்த மாவட்டத்தில் லேசான கேள்வி இல்லை. குடிதண்ணீரைக் குடக் கணக்கில் வாங்குகிற தெருவில், காவிரிக் கூட்டுக் குடிநீரை 400 லிட்டர் பிடித்துக் குளிரவைப்பது பார்வைக்கும் சரியில்லை, தேவையும் இல்லை. போர்த் தண்ணீர் உப்பும் கடினமும். மழைநீர்தான் சரியான வழி. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் கழிவு போக 700 லிட்டருக்கு மேல் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் பல மாதத்துக்கு வேண்டியது இறங்கிவிடும். பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள், மாடியில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதோடு போகும். 2,000 லிட்டர் மூடிய டேங்க் ஒன்று இருந்தால் போதும். மழைநீரில் காரத்தன்மை இல்லாததால் பி.எச். அலைபாயும். 400 லிட்டருக்கு 55 கிராம் சமையல் சோடா கரைத்துவிட்டால் நிலைக்கும்.

கடல்தண்ணீரே ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டைட்டானியம் சுருள் தாங்கும், மற்றதெல்லாம் தாங்காது. மாற்றும்போது எங்கே கொட்டுவீர்கள்? மணல் தரையில் ஊற்றினால் நேரே உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும்.

மருந்து விஷயம்: குளிர்ந்த தண்ணீரில் கிருமி மெதுவாகத்தான் பெருகும், பெருகாது என்று இல்லை. நீச்சல்குளக் கடையில் கிடைக்கும் டைக்ளோர் என்கிற குளோரின் தூள் ஒன்றரை கிராம் போட்டால் 400 லிட்டருக்குக் குளோரின் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். 1-லிருந்து 3-க்குள் வைத்திருங்கள். சோதனைப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 5-ஐத் தாண்டினால், முழு மரத் தொட்டியில் உள்முகம் நார் நாராகக் கிளம்பும். மரத்தின் துளைகளில் வழவழப்பு படிந்துவிட்டால் எந்த மருந்தும் முழுதாகப் போகாது. நான் ஃபைபர் உள்தொட்டியைச் சொல்வதற்கு இதுவும் காரணம். ப்ளீச்சிங் பவுடர் கடலோர ஈரத்தில் டப்பாவிலேயே வீரியம் இழக்கும், வண்டலும் விடும். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் ஆறு வாரம் வரை தாங்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடு இறங்கினால் இரண்டே நாளில் ஃபில்டர் அடைக்கும்.

சில்லர் நின்று தண்ணீர் 30 டிகிரிக்குத் திரும்பிவிட்டால் அது வேறு தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நிமோனியா உண்டாக்கும் லீஜனெல்லா போன்ற கிருமிகளுக்கு அந்தச் சூடுதான் இதம். குளோரினும் இல்லாமல் இரண்டு நாள் அப்படிக் கிடந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கும் இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர்தான் தேவை. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மூடி விளிம்பு ஒட்டி உட்கார வேண்டும். தொட்டிக்கு அடியில் வேர்வை நீர் தேங்காமல் வாட்டம் வைப்பதும் இதற்காகத்தான். மூடி ஃபோமில் இருக்கட்டும். மரம் வேண்டுமென்றால் மேலே சட்டமாக அடியுங்கள். தனி மரப் பலகை மூடி மேலே வெயில், கீழே குளிர் என்று ஒரே மாதத்தில் வளைந்துவிடும். மூடிக்குப் பூட்டு கட்டாயம், வீட்டில் குழந்தைகள் இல்லாவிட்டாலும்.

தரைக்கு வருவோம். தண்ணீர், தொட்டி, ஆள் எல்லாம் சேர்த்து 600 கிலோவை ஒட்டும். மணல் தரையில் நேராக வைத்தால் ஒரு பக்கம் இறங்கும். நான்கரை அடிக்கு நான்கரை அடி, அரை அடி தோண்டி, மணலைத் தண்ணீர் விட்டு அமர்த்தி, நான்கு இஞ்சு கனத்துக்கு 1:2:4 கான்கிரீட், ஒரு பக்கம் ஒரு இஞ்சு வாட்டம், தொட்டி உட்காருகிற இடத்தில் மட்டம் பிடித்த மூன்று திண்டு. கம்பி போட வேண்டியதில்லை. கடல் மணல் கலக்கவே கூடாது. கரையான் உள்ள மண்தான் நம்முடையது. மரச் சட்டம் கான்கிரீட்டிலிருந்து இரண்டு இஞ்சாவது தூக்கி நிற்கட்டும், மண்கூடு ஏறினால் கண்ணில் படும். மொட்டைமாடி வேண்டாம். சாதாரண மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்கில் கட்டுவது. இந்தத் தொட்டி அதைப் போல ஐந்து மடங்கு சுமை.

திசையும் முக்கியம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற தென்கடல் ஊர்களில் வைகாசியிலிருந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுதான் உப்பையும் மணலையும் வாரி வரும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் வடகடலில் வாடைக்காற்று. நீங்கள் கீழக்கரை என்பதால் சில்லரை வீட்டுக்கு வடகிழக்குப் பக்கம், சுவர் மறைவில், தரைக்கு ஒரு அடி மேலே, சுற்றிலும் இரண்டடி இடம் விட்டு வையுங்கள். கீற்றுக் கொட்டகை நிழல் போதும். வேப்பமர நிழல் வேண்டாம், சருகு ஓயாது. தென்னைக்கு அடியில் வேண்டாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச்) தனியாகப் போடாமல் சில்லரை ஓட்டக் கூடாது. காய்ந்த மணலில் எர்த் சரியாக விழாது. செம்பு பூசிய கம்பியை ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்கி, எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். வோல்டேஜ் ஆடுகிற தெரு என்றால் மூன்று நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர். பழைய டீப் ஃப்ரீசரில் தண்ணீர் ஊற்றி இறங்குகிற வீடியோக்களைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள்.

இறங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. இருதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். முதல் ஒரு நிமிடத்தில் மூச்சு தானாக இழுக்கும், அப்போது முகத்தை முக்கக் கூடாது. முதல் வாரம் 20 டிகிரி, இரண்டு நிமிடம். பிறகு மெல்ல 15-க்கு இறக்கலாம். தனியாக வீட்டில் இருக்கும்போது இறங்காதீர்கள்.

வெளிநாடு கிளம்புகிற வாரம் செய்ய வேண்டியது: சில்லரை அணைத்து, அதன் அடியில் இருக்கிற திருகைத் திறந்து சுருளில் நிற்கிற தண்ணீரையும் வடியுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் காயவையுங்கள். தொட்டித் தண்ணீரைக் குளோரின் அடங்க மூன்று நாள் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அதிலும் வலை போட்டு, பிறகு தென்னைக்கு விடுங்கள். உள்ளே துடைத்து, மூடியை ஒரு விரல் இடைவெளியில் கட்டி, மேலே கொசுவலை. சில்லர் மேல் தார்ப்பாயை இறுக்கிச் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று தகடு போகும். மேல்பக்கம் மட்டும் மூடினால் போதும். ஐப்பசிக்குப் பிறகு ஊரில் இல்லாவிட்டால் காலித் தொட்டியைத் திண்டோடு நைலான் கயிற்றால் கட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். ஊரில் இருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்தால் நேர்மாறு: தொட்டியை நிரம்ப வைத்து, மெயினை அணைத்துவிடுங்கள். அரை டன் எடை காற்றுக்கு அசையாது.